சுற்றாமல் விட்ட கட்டம்

நான் வேலைக்குச் சேர்ந்த காலத்து நெய்வேலியில் இருட்டு என்று ஒன்று கிடையாது. கரண்டு உற்பத்தி பண்ணுகிற ஊரில் கரண்டுக்கு என்ன பஞ்சம்? சுற்றுப்பட்டுக் கிராமங்களில் எட்டு மணிக்கெல்லாம் சிம்னி விளக்கை ஊதி அணைத்துவிட்டுப் படுத்துவிடுவார்கள். எங்கள் டவுன்ஷிப்பில் தெருவுக்குத் தெரு பாதரச விளக்கு, நீலம் கலந்த வெள்ளை வெளிச்சம், விடிய விடிய எரியும். முந்திரித் தோப்பிலும் எள்ளுக் காட்டிலும் இருக்கிற பூச்சி பொட்டெல்லாம் அந்த வெளிச்சத்தைப் பார்த்துக் கிளம்பி எங்கள் பிளாக்குக்கு வந்து சேர்ந்துவிடும்.

எனக்கு ஒதுக்கிய குவார்ட்டர்ஸ் வரிசையின் கடைசி வீடு. பக்கச் சுவரை ஒட்டி விளக்குக் கம்பம். முதல் மழை பெய்து ஈசல் கிளம்பினால் அக்கம்பக்கத்தார் வீட்டு விளக்குகளை அணைத்து, வாசல் பல்புக்குக் கீழே அகலமான பாத்திரத்தில் தண்ணீர் வைத்துவிட்டு, என் வீட்டுப் பக்கம் பார்த்துப் பொருமுவார்கள். ஏதோ அந்தக் கம்பத்தை நான் கொண்டுவந்து நட்டது போல. ஈசல் ஓய்ந்த பிறகு வருகிறவைதான் நான் காத்திருந்தவை. விட்டில்கள். பள்ளிப் புத்தகம் அந்துப்பூச்சி என்று சொல்கிறது. அந்து என்றால் எனக்கு அரிசி டப்பாதான் ஞாபகத்துக்கு வரும். சுவரில் இறக்கையை விரித்து அசையாமல் உட்கார்ந்திருக்கும் இவற்றை அந்தப் பெயரால் கூப்பிட மனசு வரவில்லை. மரத்தகடு போல வரிவரியாக இருந்தது பிளைவுட். கூரான இறக்கையோடு வந்து மோதுவது ஜெட். ஓரத்தில் ஜரிகை வைத்தது பட்டுப்பாவாடை. இப்படி நாங்களே பெயர் வைத்துக்கொண்டோம்.

நாங்கள் என்றால் நானும் அவனும். கம்மாபுரம் பக்கத்துக் கிராமத்துக்காரன், என்னைவிட நாலைந்து வயது இளையவன். மைன்ஸில் மண்ணை மேலே கொண்டுபோகும் கன்வேயர் பெல்ட்டுக்கு நான் ஆபரேட்டர், அதே பெல்ட்டுக்கு எனக்கு அடுத்த ஷிப்டில் அவன். நான் முதல் ஷிப்ட் என்றால் அவன் இரண்டாவது. நான் இரண்டாவது என்றால் அவன் நைட். வருஷக்கணக்காக எங்கள் சிநேகிதம் ஷிப்ட் மாறுகிற அந்த ஐந்து நிமிஷத்தில்தான் நடந்தது. அவன் வந்து உட்கார்ந்த பிறகுதான் நான் எழுந்திருக்கலாம். மோட்டார் சத்தத்தில் காதோடு வாய் வைத்துக் கத்தித்தான் பேச வேண்டும். மற்றவர்கள் அந்த நேரத்தில் ஓவர்டைம், இன்கிரிமெண்ட் என்று கத்திக்கொள்வார்கள். நாங்கள் பூச்சியைப் பற்றிக் கத்திக்கொண்டோம்.

முதலில் சிரித்தவன் அவன்தான். தெற்கத்திக்காரர்களுக்கு வேறு வேலை இல்லை என்று நினைத்திருப்பான். கோவில்பட்டிப் பக்கம் கரிசலில் பிறந்த எனக்கு இத்தனை விதம் விட்டில் புதுசு. அவனுக்கு அது தினமும் சோற்றில் விழுகிற சனியன். ஒரு நாள் என் சுவரைப் பார்க்க வந்தான், ஒரு ஜெட்டைக் கிட்டத்தில் பார்த்தான், அத்தோடு மாட்டிக்கொண்டான். அடுத்த வாரமே அவனுடைய கிராமத்தில் யாரிடமோ பெட்ரோமாக்ஸ் இரவல் வாங்கி, வீட்டுக்குப் பின்னால் தன் வெள்ளை வேட்டியைக் கட்டி, அதன்முன் விளக்கை வைத்துவிட்டுக் காத்திருந்தானாம். ஊரே வந்து வேடிக்கை பார்த்தது, அவனுடைய அம்மா கடைசிவரை கூட உட்கார்ந்திருந்தாள் என்று மறுநாள் மோட்டார் சத்தத்தின் மேலே கத்திச் சொன்னான்.

கேமராவை இருவரும் சேர்ந்து வாங்கினோம். யாரோ பயன்படுத்திக் கழித்தது. ஒரு ரோலுக்குப் பன்னிரண்டு படம், கருப்பு வெள்ளை. முதுகில் சிவப்புக் கண்ணாடி பதித்த சின்ன ஜன்னல் இருக்கும்; எத்தனையாவது கட்டம் என்ற எண் அதில் தெரியும். லென்ஸுக்கு முன்னால் அட்டைக் குழாய் செய்து ஒரு பூதக்கண்ணாடியைப் பொருத்தினேன். ஸ்டூல் மேல் பிஸ்கட் டின், டின் மேல் கேமரா. விசையை அழுத்திப் பிடித்தபடி மனசுக்குள் எண்ணி விட வேண்டும். விட்டில் மகா பொறுமைசாலி, அசையாது. நான்தான் அசைந்து கெடுப்பேன். "வீட்டில் இருக்கிற முகத்தை என்றைக்காவது எடுத்திருக்கிறீர்களா?" என்று என் மனைவி ஜன்னல் வழியாகக் கேட்பாள். நியாயமான கேள்விதான், பதில் சொல்லத்தான் எனக்கு நேரம் இருந்ததில்லை.

மைன்ஸுக்குள் கேமராவைக் கொண்டுபோக முடியாது. அதனால் சைக்கிள் ஸ்டாண்ட்காரரிடம் டிபன் பையில் போட்டுக் கொடுத்துவிட்டு உள்ளே போவோம். ஒரு வாரம் என்னிடம், ஒரு வாரம் அவனிடம். ஒரே ரோலில் இருவருடைய பூச்சிகளும் இருக்கும். இதில் ஒரு சிக்கல். ஒரு படம் எடுத்ததும் பக்கத்துத் திருகைச் சுற்றி அடுத்த கட்டத்துக்குக் கொண்டுவர வேண்டும். சுற்றினாயா இல்லையா என்று அந்தக் கேமரா சொல்லாது. எண் ஐந்து என்றால், ஐந்தாவது எடுத்தாகிவிட்டதா, இனிமேல்தான் எடுக்க வேண்டுமா என்று யாருக்குத் தெரியும்? முதல் ரோலில் அவனும் சுற்றிக் கொடுத்து நானும் சந்தேகத்தில் இன்னொரு முறை சுற்றி, பாதிக் கட்டங்கள் வீணாயின.

அதனால் மைன்ஸில் நடக்கிற முறையையே கேமராவுக்கும் வைத்தோம். ஷிப்ட் முடித்துப் போகிறவன் மெஷினைத் தயாராக விட்டுப் போக வேண்டும். வருகிறவன் அதைச் சந்தேகப்பட்டுக் குடைந்துகொண்டிருக்கக் கூடாது. கொடுக்கிறவன் சுற்றிக் கொடுப்பான், வாங்குகிறவன் திருகைத் தொட மாட்டான். பெல்ட் பக்கத்தில் இடம் மாறும்போது கொடுக்கிறவன் ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும். "சுத்தியாச்சு." அவ்வளவுதான். அதற்குப் பிறகு ஒரு கட்டம்கூட எங்களுக்கு வீணாகவில்லை. இந்த ஏற்பாட்டில் எனக்கு ரொம்பப் பெருமை. பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

அவன் வீட்டுக்கு நாலைந்து தடவை போயிருக்கிறேன். பனை ஓலைக் கூரை, மண் சுவர், வாசலில் ஒரு பக்கம் சாய்ந்த முருங்கை. அவனுடைய அம்மா ஒல்லியாக, குரல் மட்டும் பெரிதாக இருப்பாள். வாசல் நிலையில் வலது கையை ஊன்றிக்கொண்டுதான் பேசுவாள். அவள் கை படுகிற இடத்தில் மரம் கறுத்து மினுமினுத்துக் கிடந்தது. வேட்டியில் வந்து உட்காருகிற விட்டிலை எங்கள் இருவருக்கும் முன்னால் கண்டுபிடிப்பவள் அவள்தான். கண்டுபிடித்துவிட்டு, இது என்ன சோறா போடப்போகிறது என்று எங்களைத் திட்டவும் திட்டுவாள். எள் விளைகிற நாளில் முதுகில் மண்டை ஓடு போல அடையாளம் உள்ள ஒரு பெரிய பூச்சி வீட்டுக்குள் வரும், பிடித்தால் எலிக்குஞ்சு மாதிரி கீச்சென்று கத்தும் என்று எங்களுக்குச் சொன்னதும் அவள்தான். செத்துப்போன பெரியவர்கள் வந்திருக்கிறார்கள் என்று அதை யாரும் அடிக்க மாட்டார்களாம். அன்றிலிருந்து நானும் அவனும் அந்த ஒன்றைத்தான் தேடினோம். மூன்று வருஷமாக ஒரு முறைகூட எங்கள் விளக்குக்கு அது வரவில்லை.

அவளைப் படம் எடுக்க மட்டும் அவள் விட்டதே இல்லை. போட்டோ எடுத்தால் ஆயுசு குறையும் என்பாள். மகன் கெஞ்சுவான், நான் கேலி செய்வேன். கேமராவை அவள் பக்கம் திருப்பினாலே முந்தானையால் முகத்தை மூடிக்கொள்வாள்.

பிறகு அந்தக் கிராமமும் மைன்ஸுக்கு எடுக்கப்பட்டது. முன்பே நிலம் போய்த்தான் அவனுக்கு வேலை கிடைத்திருந்தது. இப்போது வீட்டின் முறை. புரட்டாசிக்குள் காலி பண்ண வேண்டும். அவனுக்கு டவுன்ஷிப்பில் குவார்ட்டர்ஸ் கொடுத்தார்கள், என் வீட்டிலிருந்து இரண்டு பிளாக் தள்ளி. அம்மா என்ன சொல்கிறாள் என்று ஷிப்ட் மாறும்போது கேட்டேன். அவள் பேசவே இல்லை என்றான். மறுநாள் வந்தபோது அவன் முகமே வேறாக இருந்தது.

"எங்கம்மா ஒத்துகினாங்கண்ணா. வூட்டோட சேத்து எடுக்கிறதா இருந்தா எடுன்னு சொல்லிட்டாங்க."

அந்த வாரம் கேமரா அவன் முறை. சாமான்களை ஏற்ற இரண்டு நாள் லீவு போட்டிருந்தான். அட்டைக் குழாயைக் கழற்றிவிட்டு, அம்மாவை வாசல் நிலையில் எப்போதும் போலக் கை ஊன்றி நிற்க வைத்து, ஒரே ஒரு படம் எடுத்தான். இரண்டாவது எடுக்க அவள் விடவில்லை. எடுத்த கையோடு வண்டிக்காரன் கூப்பிட்டிருக்கிறான், யாரோ பாத்திரத்தைப் போட்டு உடைத்திருக்கிறார்கள், அவள் உள்ளே போய் அழ ஆரம்பித்திருக்கிறாள். இதெல்லாம் அவன் பின்னால் சொல்லித் தெரிந்தது. சாமான்களோடு கேமராவும் நசுங்கிவிடப் போகிறதே என்று, அதைப் பையில் போட்டு, மைன்ஸில் காண்ட்ராக்ட் வேலைக்குப் போகிற ஊர்க்காரர் ஒருவரிடம் சைக்கிள் ஸ்டாண்டுக்குக் கொடுத்தனுப்பிவிட்டான்.

நான் இரண்டாவது ஷிப்ட் முடிந்து வெளியே வந்தால் ஸ்டாண்ட்காரர் பையை நீட்டினார். அவன் லீவு, பெல்ட்டில் அவனுக்குப் பதில் உட்கார வந்தது வேறு ஆள். 'சுத்தியாச்சு' என்ற சொல் இல்லாமல் கேமரா கை மாறியது எங்கள் கணக்கில் அன்று மட்டும்தான். அப்போது எனக்கு அது உறைக்கவில்லை.

வீட்டுக்கு வந்து சைக்கிளை நிறுத்தினேன். பக்கச் சுவருக்கு அந்த வாரம்தான் டவுன்ஷிப் ஆட்கள் வந்து சுண்ணாம்பு அடித்துவிட்டுப் போயிருந்தார்கள். பால் போன்ற சுவர். அதன் நடுவில், என் உள்ளங்கை அகலத்தில், கருகிய பழுப்பில், முதுகில் மண்டை ஓட்டோடு அது உட்கார்ந்திருந்தது. பழம் நழுவிப் பாலில் விழுந்தது என்பார்களே, எனக்கு அப்படித்தான் இருந்தது. ஸ்டூலை இழுத்தேன், குழாயைப் பொருத்தினேன். சிவப்பு ஜன்னலில் ஒன்பது என்று இருந்தது. கொடுக்கிறவன் சுற்றிக் கொடுப்பான். வாங்குகிறவன் தொட மாட்டான். நான் தொடவில்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு எடுத்தேன். வாழ்க்கையில் அவ்வளவு அசையாமல் நான் நின்றது கிடையாது.

அதற்கப்புறம் ரோலில் மூன்று கட்டம் மீதி. அதைக் கழுவக் கொடுத்திருக்கலாம். அந்த நாளில் யாரும் ரோல் முடியாமல் கழுவ மாட்டார்கள். அது சோற்றை வடித்துக் கொட்டுகிற பாவம். ஐப்பசி மழையில் இன்னும் நல்ல பூச்சி வரும் என்று நான் காத்திருந்தேன். அவனும் அவசரப்படுத்தவில்லை. அவனுக்கு அம்மாவின் படம், எனக்கு மண்டை ஓட்டுப் பூச்சி, இரண்டும் ஒரே ரோலில் பத்திரமாக இருப்பதாக நினைத்துக்கொண்டு இருவரும் சந்தோஷமாக இருந்தோம். அதற்குள் அவனுடைய வீடு தரைமட்டமாகிவிட்டது. முருங்கையைக்கூட விட்டுவைக்கவில்லை என்று அம்மா போய்ப் பார்த்துவிட்டு வந்து சொன்னாளாம். குவார்ட்டர்ஸுக்கு வந்த பிறகு அவள் என்னைப் பார்க்கும்போதெல்லாம் ஒன்றைத்தான் கேட்பாள்: படம் வந்துவிட்டதா, வீடு தெரிகிறதா?

கார்த்திகையில் ஸ்டுடியோவிலிருந்து படங்களை வாங்கப் போனோம். ஸ்டுடியோக்காரர் உறையைக் கொடுக்கும்போதே தலையைச் சொறிந்தார். ஒன்றின் மேல் ஒன்று விழுந்திருக்கிறது சார் என்றார்.

அந்தப் படத்தை நான் இப்போதும் கண்ணை மூடினால் பார்க்க முடியும். வெள்ளைச் சுவரின் வெளிச்சம் பிலிமில் பட்ட இடமெல்லாம் அவன் எடுத்ததை அடியோடு தின்றுவிட்டிருந்தது. வெளிச்சம் படாமல் தப்பியது பூச்சியின் கருத்த உருவம் விழுந்த இடம் மட்டும்தான். அந்த உருவத்துக்குள்ளே மட்டும் அவன் எடுத்த படம் மிச்சம் இருந்தது. இடது இறக்கையில் ஓலைக் கூரையின் ஒரு கீற்று. உடம்பில் புடவை மடிப்பு. வலது இறக்கையில் வாசல் நிலையும், அதன் மேல் ஊன்றிய ஒரு கையும், இரண்டு கண்ணாடி வளையலோடு. அம்மாவின் முகம் பூச்சியின் தலைக்கு மேலே, வெறும் சுண்ணாம்புச் சுவரில் போய் விழுந்திருந்தது. அங்கே ஒன்றுமே இல்லை.

அவன் வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தான். சாய்த்துப் பார்த்தான். முகம் வந்துவிடும் என்று நினைத்தவன் போல விரலால் அந்த வெள்ளையைத் தேய்த்தான். சுற்றினோமா இல்லையா என்று அவனுக்கே ஞாபகம் இல்லை. ஒரு முறை திருகைத் தொட்டுப் பார்த்திருந்தால் அதிகம் போனால் ஒரு கட்டம் வீணாகியிருக்கும். எங்கள் முறை அவ்வளவு சுத்தமாக இருந்ததுதான் எங்களைக் கவிழ்த்தது. அவன் என்னைத் திட்டியிருந்தால் நானும் இரண்டு வார்த்தை திருப்பித் திட்டி ஆறியிருப்பேன். அவன் படத்தை என் கையில் கொடுத்துவிட்டு, பூச்சி நல்லா விழுந்திருக்குதுண்ணா என்றான். நிஜம்தான். நாங்கள் எடுத்ததிலேயே ஆடாமல் அசையாமல் விழுந்த படம் அது ஒன்றுதான்.

படம் விழவில்லை என்று அம்மாவிடம் சொன்னான். நானும் கூடப் போயிருந்தேன். இன்னொரு தடவை இங்கேயே எடுத்துவிடலாம், நல்ல வெளிச்சம் இருக்கிறது என்று குழைந்தேன். அவள் கோபப்படவில்லை. புது வீட்டுக் கதவு நிலையில் கை ஊன்றப் போனவள், என்ன நினைத்தாளோ, கையை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

"வூடே இல்ல. நான் மட்டும் தனியா எதுக்குப்பா?"

அதற்கு மேல் யாராலும் அவளை அசைக்க முடியவில்லை. நான் புது ரோல் போட்டு, முதல் கட்டத்துக்குச் சுற்றி, கேமராவை அவனிடமே கொடுத்துவிட்டேன். என்றாவது மனசு மாறினால் உடனே எடுக்கட்டும் என்றேன். மார்கழி போயிற்று, தை போயிற்று. ஷிப்ட் மாறும்போது வேலையைப் பற்றி மட்டும் பேசிக்கொண்டோம். நான் விளக்குக் கம்பத்துப் பக்கம் போவதை நிறுத்தினேன். சுவரில் என்னவெல்லாமோ வந்து உட்கார்ந்து விடியற்காலையில் காக்கைக்கு இரையாகிக்கொண்டிருந்தன. பார்த்தால் எனக்கு ஆசை வரும், ஆசை வந்தால் வெட்கமாக இருக்கும்.

மாசியில் அவள் இறந்துபோனாள். நாலு நாள் காய்ச்சல், அவ்வளவுதான். நான் போனபோது நாற்காலியில் உட்கார வைத்து மாலை போட்டிருந்தார்கள். தாடையைச் சுற்றி வெள்ளைத் துணி கட்டி, நெற்றியில் காசு ஒட்டியிருந்தார்கள். எல்லாரும் அழுதுகொண்டிருக்க, அவன் மட்டும் சுவரோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தான்.

காரியமெல்லாம் முடிந்து அவன் வேலைக்கு வந்த முதல் நாள் நைட் ஷிப்ட். நான் எழுந்து இடத்தைக் கொடுத்தேன். அவன் உட்காராமல் என் காதுக்குப் பக்கத்தில் வாயைக் கொண்டுவந்தான். பை ஸ்டாண்டில் இருக்கிறது என்றான். பிறகு சத்தமாக, அவ்வளவு சத்தம் தேவையே இல்லாமல், சொன்னான்.

"சுத்தியாச்சுண்ணா."

வெளியே வந்து பையைப் பிரித்தேன். சிவப்பு ஜன்னலில் இரண்டு என்று இருந்தது. மறுநாள் ஸ்டுடியோ திறக்கிற நேரத்துக்கு வாசலில் போய் நின்றேன். மீதிப் பதினொன்றும் காலி சார், ரோலை வீணாக்குகிறீர்களே என்றார் ஸ்டுடியோக்காரர். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்று என்னையே திட்டிக்கொண்டு, கழுவுங்கள் என்றேன்.

ஒரே படம். மாலையும் தாடைத் துணியும் நெற்றிக் காசுமாக அவள் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். ஆட்கள் வருவதற்கு முன்னால் விடியற்காலை ஜன்னல் வெளிச்சத்தில் எடுத்திருக்கிறான். முகம் ஒவ்வொரு கோடும் தெரிகிற மாதிரித் துல்லியமாக விழுந்திருந்தது. கண்கள் மூடியிருந்தன. முந்தானையால் மறைத்துக்கொள்ள அவளால் இனிமேல் முடியாது. அதைப் பெரிதாகப் போட்டுச் சட்டம் மாட்டி அவன் வீட்டில் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவன் ஆணி அடித்து மாட்டினான்.

நான் கிளம்பும்போது பின்னாலேயே வாசல்வரை வந்தான். அந்தப் பூச்சிப் படம் இன்னும் இருக்கிறதா, கிழித்துவிட்டீர்களா என்று கேட்டான். இருக்கிறது என்றேன். கிழிக்க எனக்குக் கை வரவில்லை, பார்க்கவும் மனசு வரவில்லை. டிரங்குப் பெட்டியில் துணிகளுக்கு அடியில் கிடந்தது.

"அத்த எனக்குக் குடுத்துடுங்கண்ணா," என்றான். "மொகம் இதுல இருக்குது. ஆனா கை அதுலதான் உசுரோட இருக்குது."

அன்று மாலையே எடுத்துக்கொண்டு போய்க் கொடுத்தேன். தெருவிளக்கு எரிய ஆரம்பித்திருந்தது. அவன் அதை வெளிச்சத்தில் பிடித்து, வலது இறக்கையை மட்டும் பார்த்தான்.